பெர்சியிடம் போய்ச் சேர்ந்த கேள்வி

ஸ்டான்மவுத் என்று பலகையில் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும். அதை நம்பி வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஊர் இரண்டு. செங்குத்துப் பாறைக்கு மேலே இருப்பது மேலூர். பாறையின் காலடியில், கடலை ஒட்டி இருப்பது கீழூர். மேலூர்க்காரர்களைக் கேட்டால் கீழே இருப்பவர்கள் எல்லாம் நண்டு நாற்றம் பிடித்தவர்கள். கீழூர்க்காரர்களைக் கேட்டால் மேலே இருப்பவர்களின் மூக்கு எப்போதும் வானத்தைப் பார்த்தே இருக்கும். "மேலே பொண்ணு எடுத்தவனுக்கு முழங்கால் மிஞ்சாது" என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவனுக்கு எந்த மேலூர்ப் பெண் கிடைக்காமல் போனாளோ, தெரியாது.

இந்த இரண்டையும் கட்டி வைத்திருப்பது எங்கள் பாறை ரயில். என் பாட்டன் காலத்துக்கும் முந்தியது. இரண்டே பெட்டிகள், ஒரே கம்பிவடத்தின் இரண்டு நுனியில். மேலே நிற்கும் பெட்டியின் அடித்தொட்டியில் ஓடைத் தண்ணீரை நிரப்பினால் அது கனத்து இறங்கும். இறங்குகிற வேகத்தில் கீழே நிற்பதை மேலே இழுத்துக்கொள்ளும். கரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். கீழே இருக்கும் ஓட்டுநர் எத்தனை பேர் ஏறினார்கள் என்று மணி அடித்துச் சொல்வார். மேலே இருப்பவர் அதற்குத் தக்கபடி தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு பிரேக்கை விடுவிப்பார். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்ப்பார்கள்.

அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை ஓட்டியவள் ஆட்ரி ஸ்லோகம். மேலூர்க்காரி. அறுபதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. கணவன் ரெஜ் ரொட்டிக்கடை வைத்திருந்தான். ஒரு நாள் காலை அடுப்புக்கு முன்னாலேயே சாய்ந்து போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. கடையை மூடிவிட்டு, மேல் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு வந்தாள். பெட்டி ஓட்டிக்கொண்டிருந்த கிழவருக்குக் கண் மங்கியபோது, அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள் என்று போய் நின்றாள். பெண்பிள்ளையின் மணிக்கட்டு பிரேக்கைத் தாங்குமா என்று நிர்வாகக் குழு பெரிய மனிதர்கள் யோசித்தார்கள்.

"இருபது வருஷம் மாவு பிசைஞ்ச கை இது. உங்க கையைக் கொடுங்க, பாத்துக்கலாம்" என்றாள் ஆட்ரி.

தலைவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கூட்டம் முடியும்வரை அந்தக் கையைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார் என்று கேள்வி.

எதிர்ப் பெட்டியை ஓட்டியவர் ஹெட்லி டாப்ஸ்காட். கீழூர்க்காரர், கல்யாணமாகாதவர். நண்டுப் படகில் போய்க்கொண்டிருந்தவர். இடுப்பு விட்டுப் போனதும் படகை விட்டு ரயிலுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் பேச்சு என்றால் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. ஒரு பெட்டி மேலே இருந்தால் மற்றது கீழே இருக்கும். ஆகையால் ஒரே வேலையில் இருந்தும் இருவரும் சேர்ந்து நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். நடுவழி. அங்கே தண்டவாளங்கள் விலகிச் சேரும். பெட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றையொன்று தாண்டும். கடலைப் பார்த்த வெளிமேடையில் நின்று ஓட்டும் இருவருக்கும் அப்போது ஒரு வாக்கியம் சொல்ல நேரம் கிடைக்கும். இரண்டாவதைச் சொல்ல வாயெடுத்தால் எதிரே கடற்காற்றுதான் இருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் ஒன்பது வருஷம் பேசினார்கள். இந்தத் தடவை கேள்வி, அடுத்த தடவை பதில். கானாங்கெளுத்தியைப் பொரிப்பதா சுடுவதா என்ற வழக்கு ஒரு கோடை முழுக்க நடந்தது. ஆட்ரி காலையில் ஒரு ஜோக்கைத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் அது முடியும். ஜோக்கின் நடுவே ஏறிய பயணிகள், "அப்புறம் அந்தப் பாதிரியார் வாத்தைப் பாத்து" என்று ஒரு பொம்பிளை கடலைப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுவிட்டு, சுத்தமாகப் பைத்தியம் பிடித்த ஊர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் காலை ஹெட்லி, "அம்மா போயிட்டாங்க" என்றார்.

ஆட்ரி கீழே போய், அடுத்த நடையில் திரும்பி ஏறி வந்தாள். தாண்டும்போது, "எப்போ?" என்றாள்.

அடுத்ததில், "ராத்திரி."

"அப்ப இன்னிக்கு ஏன் வேலைக்கு வந்தீங்க?"

அதற்குப் பதில் வர நேரமாயிற்று. நல்ல கூட்டம் அன்று. பெட்டிகள் தாண்டின. "வீட்டுல பேச யாரு இருக்கா?" என்றார் ஹெட்லி, தண்டவாளத்தைப் பார்த்தபடியே.

தண்டவாளத்தைப் பார்த்தபடியேதான் அவர் எதையும் சொல்வார். நடுவழியில் கண் பாதையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆட்ரி அதைத் தினமும் மீறுவாள். ஹெட்லி மீறியதே இல்லை. விதிக்குப் பயமா, அவள் முகத்துக்குப் பயமா என்று ஊர் பேசிக்கொண்டது. ஆட்ரிக்கு அது எதற்கான பயம் என்று தெரியும். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மூடி மறைத்து எழுத எனக்கு ஒன்றும் காரணம் இல்லை. ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு ரயில் நின்றுவிடும். மறுபடி ஈஸ்டருக்குத்தான் ஓடும். அந்தக் குளிர்காலம்தான் ஆளைக் கொல்லும். ஹெட்லி கீழே, ஆட்ரி மேலே. அவர் வீட்டில் போன் கிடையாது. கீழூர்க்காரன் காரணமில்லாமல் பாறை ஏறுவதில்லை, மேலூர்க்காரி காரணமில்லாமல் இறங்குவதில்லை. போன குளிரில் ஆட்ரி நெஞ்சில் சளி கட்டி வாரக்கணக்கில் படுத்துக்கிடந்தாள். பால்காரன் வாசலில் பாட்டில்கள் சேர்வதைப் பார்த்துத்தான் கதவைத் தட்டினான். அதைக் கேள்விப்பட்ட லீட்ஸ் நகரத்து அக்கா ஃப்ரீடா, "போதும்டி, எங்கூட வந்துடு" என்று சொல்லிவிட்டாள். அவளும் தனிக்கட்டைதான். பின்னறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, திரைச்சீலை தைத்து வைத்திருந்தாள். சீசன் முடிந்த மறுநாள் புறப்பாடு என்று முடிவாயிற்று.

இதை ஹெட்லியிடம் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். 'நான் ஊரை விட்டுப் போறேன்.' சொன்னால் அவர் போகாதே என்று சொல்லக்கூடும். சரி என்றும் சொல்லிவிடக்கூடும். அந்தச் சரிக்குப் பயந்துகொண்டு ஆட்ரி ஈஸ்டரிலிருந்து வாயை மூடியிருந்தாள். இப்படியே கடைசி ஞாயிறும் வந்துவிட்டது.

அன்று காலை முதல் வண்டியிலேயே சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். நடுவழி வந்தது. "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி" என்றாள்.

"ரெண்டு பனியன் போட்டிருக்கேன்" என்றார் ஹெட்லி, அடுத்ததில்.

பதினோரு மணி வாக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஹெட்லி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அதோடு வாக்கியம் தீர்ந்து போயிற்று. அடுத்த தடவை அவர், "சொல்லுங்க மிஸஸ் ஸ்லோகம்" என்றார். அதோடு அவருடையதும் தீர்ந்தது. மூன்றாவது தடவை வந்தபோது ஆட்ரி சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். "நான் கொடுத்த ப்ளம் ஜாம்ல சர்க்கரை பத்தலைன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஹெட்லி ஜாமைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். அவர் எதையும் அரைகுறையாக யோசிக்கிறவர் அல்ல.

மதியத்துக்கு மேல் ஆட்ரி இறங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே ஏறி வரும் பெட்டியின் வெளிமேடையில், ஹெட்லிக்குப் பக்கத்தில், ஊதாத் தொப்பி ஒன்று தெரிந்தது. ஃப்ரீடா! மூட்டை கட்ட உதவுகிறேன் என்று சாயங்கால பஸ்ஸில் வருவதாகச் சொன்னவள் முன்கூட்டியே வந்து, துறைமுகத்தில் இறங்கி, ரயிலையும் பார்த்துவிடலாம் என்று ஏறியிருக்கிறாள்.

"ஆட்ரி! ஏய் ஆட்ரி! இங்க பாருடி!" என்று அவள் குடையை ஆட்டிக் கத்தியதில் ஜாமுக்கான தீர்ப்பு அடிபட்டுப் போயிற்று.

அடுத்த சந்திப்பில் ஹெட்லி ஒன்றுமே சொல்லவில்லை. ஒன்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. ஜாம் அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று ஆட்ரி குழம்பிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தாள்.

மேல் நிலையத்தில் பெர்சி க்ரோகம் காத்திருந்தான். தேநீர்க்கடையும் அவன்தான், இடைவேளை ஓட்டுநரும் அவன்தான். பெர்சி ஏறினால் தொட்டிக்குத் தண்ணீரே வேண்டாம் என்பார்கள், ஆள் அப்படி.

"போ கண்ணு, உங்க அக்கா உள்ள உக்காந்திருக்கா. நான் ரெண்டு நடை ஓட்டறேன். அவ ஏற்கெனவே என் பாலாடையில பாதியைக் காலி பண்ணிட்டா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான்.

ஃப்ரீடா உதட்டோரப் பாலாடையைத் துடைத்தாள். "நல்லாத்தான் இருக்கு உங்க ரயிலு. ஆனா அந்த டிரைவர் இருக்கானே, மரக்கட்டை! 'எதிர்ல போனது என் தங்கச்சி, நாளைக்கு அவளை ஒரேயடியா லீட்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன், பாவம், இங்க பேசக்கூட ஆளில்லாம கிடந்தா'ன்னு நான் இவ்வளவு சொல்றேன், ஒரு ம்ம் கூடக் கொட்டலை. ஏன்டி, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

ஆட்ரி பாலாடை தடவித் தின்கிற ஸ்கோன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கோடை முழுக்கத் தன்னால் முடியாததை அக்கா ஒரே மூச்சில், கேட்காமலே, செய்து முடித்துவிட்டாள். அதற்கு அவரிடமிருந்து வந்த பதில் மௌனம். சரி, பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். எழுந்து காற்றுக்காக நடைமேடைக்கு வந்தாள்.

சரியாக அப்போது ஹெட்லியின் பெட்டி மேலே வந்து நின்றது. ஹெட்லி நிமிர்ந்தார். ஸ்கோனும் கையுமாக நிற்கிற ஆட்ரியைப் பார்த்தார். பேயைப் பார்த்தவர் மாதிரி நின்றார். அவளைப் பார்த்தார், கீழே போய்விட்ட பெட்டியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, பயணிகள் இறங்குவதற்குக்கூடக் காத்திருக்காமல் நடைமேடையின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"உங்க ஊர் ஆளுங்களுக்கு எல்லாம் என்ன வியாதி?" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற ஃப்ரீடா.

ஹெட்லி தன் பெட்டியோடு இறங்கிப் போனார். பெர்சி ஏறி வந்தான். பெட்டி நிற்பதற்குள் அவன் தொப்பை குலுங்குவது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஆட்ரி கண்ணு, என்னைப் பிடிச்சுக்கோ. என்னை ஒருத்தன் கல்யாணத்துக்குக் கேட்டுட்டான்!"

"என்ன உளர்றே?"

"உளர்றேனா? போன நடையில நான் இறங்கிட்டிருக்கேன். எதிர்ல ஹெட்லி. எப்பவும் போல தண்டவாளத்தைப் பாத்துட்டே வர்றான். பக்கத்துல வந்ததும், 'போகாதீங்க ஆட்ரி, என்னைக் கட்டிக்கிட்டு இங்கயே இருந்துடுங்க'ன்னு சொல்லிட்டுப் போறான்! நிமிர்ந்துகூடப் பாக்கலை. நான் என்ன செய்ய? கேட்டவனுக்குப் பதில் சொல்றதுதானே மரியாதை. இப்ப வரும்போது, 'எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சே ஹெட்லி'ன்னேன்!"

ஆட்ரி அவன் கன்னத்தில் அறையவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பெட்டிக்குள் ஏறி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மணி வரக் காத்திருந்தாள். ஃப்ரீடாவும் குடையோடு பின்னாலேயே ஏறிக்கொண்டாள்.

மணி வரவில்லை. பயணிகள் கால் மாற்றி நின்றார்கள். தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் பாறையில் கொட்டியது.

"கடல்ல குதிச்சுட்டானோ என்னவோ" என்றான் பெர்சி.

"நீ கடையைப் பாரு" என்றாள் ஆட்ரி.

கடைசியில் மணி அடித்தது, ரொம்பத் தயங்கித் தயங்கி. பெட்டி இறங்கியது. இப்போது அவர் கேட்பார். தான் இங்கே நிற்பது அவருக்குத் தெரியும். கேட்டுவிடுவார். நடுவழி நெருங்கியது. தொப்பிக்குக் கீழே ஹெட்லியின் மோவாய் மட்டும் தெரிந்தது.

"காத்து வடக்கே திரும்புது" என்றார் அந்த மனிதர்.

ஆட்ரி பெட்டியைக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். பயணிகள் இறங்கிப் போனதும் ஃப்ரீடா அவள் கையைப் பிடித்தாள்.

"இவனா? இந்த மரக்கட்டையா?"

"ஆமா."

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொல்ல என்ன இருக்கு? அவர் கேக்கலை."

"கேட்டாச்சேடி! அந்தக் குண்டன்தான் சொன்னானே!"

"பெர்சிகிட்ட கேட்டார்." ஆட்ரி கையை விடுவித்துக்கொண்டாள். "ரெஜ்ஜும் அப்படித்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அப்பாகிட்ட கேட்டான், அவரும் சரின்னுட்டார், எனக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில தெரிஞ்சுது. இவர் பெர்சிகிட்ட கேட்டிருக்கார். எனக்கு அறுபது ஆகப் போகுது ஃப்ரீடா. ஒருத்தராவது எங்கிட்ட கேக்கக் கூடாதா?"

ஃப்ரீடாவிடமும் யாரும் கேட்டதில்லை.

அடுத்தது சீசனின் கடைசி வண்டி. எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முழுக்க ரயிலைத் திரும்பிப் பார்க்காத உள்ளூர்க்காரர்கள் அன்றைக்கு ஏறுவார்கள். கீழூர்க்காரர்கள் மேலே போவார்கள், மேலூர்க்காரர்கள் கீழே வருவார்கள். அடுத்த ஊர்க் கடையில் குடித்துவிட்டு, அடுத்த ஊரை வயிறாரத் திட்டிவிட்டு, இருட்டில் அவரவர் வீட்டுக்கு நடந்தே திரும்புவார்கள். பாதி பேர் பாதையில் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அந்த வருஷம் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பெர்சி தேநீர்க்கடையிலிருந்து துறைமுகச் சாராயக்கடைக்குப் போன் போட்டிருந்தான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

"ஹெட்லிக்குப் பெர்சியைப் பிடிச்சுப் போச்சாமே!" என்றான் வலைக்காரன் ஒருவன்.

"சீர் என்ன கேட்டான்? நண்டா, பாலாடையா?" என்றான் இன்னொருவன்.

நெல் என்ற நண்டுக்காரக் கிழவி அவர்களை முறைத்தாள். "வாயை மூடுங்கடா. அவ காதுல விழுது" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

ஆட்ரி எல்லோரையும் எண்ணி மணி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவு கூட்டம். மேலே தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. பிறகு வடம் இழுபட்டது. பெட்டி ஏறத் தொடங்கியது. கடல் சாம்பல் நிறத்தில் கீழே விலகியது. மேலிருந்து ஹெட்லியின் பெட்டி, மேலூர் முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் பெர்சியின் முகம் பௌர்ணமி மாதிரி தெரிந்தது.

நாளைக்கு இந்நேரம் லீட்ஸ். மஞ்சள் அறை. ஃப்ரீடா நல்லவள்தான். அங்கே நெஞ்சில் சளி கட்டினால் பால்காரன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதெல்லாம் ஆட்ரிக்குத் தெரியும். இந்த மனிதர் காற்றைப் பற்றி இன்னொரு வாக்கியம் சொன்னால் நாளை காலை பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். பெட்டிகள் நெருங்கின. தொப்பி குனிந்தே இருந்தது. தொப்பிக்குக் கீழே வாய் திறந்தது.

ஆட்ரிக்கு அந்த வாக்கியத்தைக் கேட்கப் பொறுக்கவில்லை. பிரேக்கை இழுத்தாள்.

நடுவழியில் நிறுத்துவது என்பது எங்கள் ரயிலில் கிடையாது. ஆபத்துக்கு மட்டும்தான். ஒரே வடம் என்பதால் ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். இரண்டு பெட்டிகளும் ஒரு குலுக்குக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உள்ளே ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கீழே அலை பாறையில் மோதுவது மட்டும் கேட்டது.

"என்ன... என்ன ஆச்சு மிஸஸ் ஸ்லோகம்?" என்றார் ஹெட்லி தண்டவாளத்திடம். "வடத்துல ஏதாவது...?"

"வடம் நல்லாத்தான் இருக்கு. நிமிர்ந்து பாருங்க."

"விதி..."

"விதியைத்தான் நான் உடைச்சாச்சே. தொப்பியை எடுங்க ஹெட்லி. என் முகத்தைப் பாருங்க. பாத்துட்டு, பெர்சிகிட்ட கேட்டதை எங்கிட்ட கேளுங்க. இல்லேன்னா கேக்காதீங்க, நான் பிரேக்கை விட்டுடறேன், நாளைக்குக் காலையில போயிடறேன்."

ஹெட்லி தொப்பியைக் கழற்றினார். காற்று அவருடைய நரைமுடியைக் கலைத்தது. மெதுவாகத் தலையைத் தூக்கினார். அவர் கண்கள் பழுப்பு நிறம் என்பதே ஆட்ரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கன்னம் நண்டு மாதிரி சிவந்திருந்தது. இரண்டு ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. படகில் புயலைப் பார்த்த மனிதர் தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்ரி," என்றார். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ஆட்ரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வயசில், இந்தக் காற்றில், இத்தனை பேருக்கு நடுவில், ஒருவர் அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டார். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈஸ்டரிலிருந்து தன்னை இந்தப் பாடு படுத்திய மனிதரை அவ்வளவு சுலபமாக விட்டுவிடவும் மனம் வரவில்லை.

"பதில் அடுத்த வண்டியில" என்றாள். பிரேக்கை விடுவித்தாள்.

பெட்டிகள் அசைந்தன. ஹெட்லி வாய் பிளந்தபடி கீழே நகர்ந்தார். ஆட்ரி மேலே ஏறினாள்.

ஃப்ரீடாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னடி இது அநியாயம்! அந்த மனுஷன் நடுங்கிட்டே கேக்கறார், இவ அடுத்த வண்டிங்கிறா! அடுத்த வண்டி எப்போ?"

"ஈஸ்டருக்கும்மா" என்றாள் நண்டுக்காரி நெல்.

ஃப்ரீடா அவளைப் பார்த்தாள். பிறகு தங்கையின் முதுகைப் பார்த்தாள். ஊதாத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த மஞ்சள் வர்ணம் அடிக்க என் இடுப்பே போச்சுடி" என்று சொல்லிவிட்டு அழுதாள். நெல் அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

கீழே போய்க்கொண்டிருந்த பெட்டியில் முதலில் பெர்சிக்குப் புரிந்தது. அவன் கூச்சல் மேலே வரை கேட்டது. ஹெட்லிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான்தான் சொன்னேனே, அவர் எதையும் அரைகுறையாக யோசிக்கிறவர் அல்ல. யோசித்து முடித்ததும் மேடைக் கம்பியைப் பிடித்து எட்டி, அண்ணாந்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கத்தினார்.

"அதுவரைக்கும்? ஆட்ரி! அதுவரைக்கும் என்ன பண்றது?"

ஆட்ரி கம்பிக்கு வெளியே குனிந்தாள்.

"அதுவரைக்கும் தினம் சாயங்காலம் பாறை ஏறி வா! டீ போட்டு வெச்சிருக்கேன்!"